ஸ்வெல் இரைச்சலுக்கு வேவ்லெட்: ஆறு வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

கடலில் நிலஅதிர்வு ஆய்வு என்றால், ஒலியை அனுப்பி, கடலடியிலிருந்து திரும்பும் எதிரொலியைப் பதிவது. கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், ஒலிவாங்கிகள் கோர்த்த ஸ்ட்ரீமர் கேபிளில் ஏறும் ஸ்வெல் இரைச்சலை, அதாவது கடல் அலையாட்டத்தால் வரும் இரைச்சலைக் களையத்தான் முதன்முதலில் வேவ்லெட் (சிற்றலை) என்ற கணித முறையைக் கையில் எடுத்தேன். கடல் கொஞ்சம் பொங்கினாலே போதும்; அடுத்தடுத்த சில ட்ரேஸ்களில் (கேபிளின் ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கும் தனிப் பதிவு) மட்டும் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய வீச்சில் செங்குத்துப் பட்டைகள் விழும். அதுவரை 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை மொத்தமாக வடிகட்டிவிடுவோம். இரைச்சலோடு, ஆழத்திலிருந்து வரும் தாழ் அதிர்வெண் எதிரொலியும் போய்விடும். இன்வெர்ஷன் செய்பவர்களுக்கு, அதாவது எதிரொலியிலிருந்து பாறையின் பண்புகளைக் கணக்கிடுபவர்களுக்கு, அதுதான் உயிர்.

எந்த அதிர்வெண் என்பதோடு எந்த நேரத்தில் என்பதையும் வேவ்லெட் பிரித்துக் காட்டும். 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் எல்ஃப் அகிடேன் எண்ணெய் நிறுவனத்தில் இருந்த ழான் மோர்லே, நிலஅதிர்வுப் பதிவுகளை அலசுவதற்காகவே தொடங்கிய வேலை இது. நம் துறையில் பிறந்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

பைத்தான் நிரல்மொழியில் பைவேவ்லெட்ஸ் என்ற நூலகத்தை வைத்திருக்கிறேன். அது பதிவை அதிர்வெண் வாரியாகப் பல நிலைகளாகப் பிரிக்கும். 2 மில்லிவிநாடி இடைவெளியில் எடுத்த பதிவில் முதல் நிலை 125 முதல் 250 ஹெர்ட்ஸ். பிறகு ஒவ்வொரு நிலைக்கும் பாதி பாதியாக இறங்கி, ஆறாவது ஏறக்குறைய 4 முதல் 8 ஹெர்ட்ஸ்.

தொடக்கத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒவ்வொரு நிலையிலும் அந்தந்த நேரத்தின் வலிமையைச் சொல்லும் எண்கள்தான் கெழுக்கள்; பாடப்புத்தக முறையில் சிறிய கெழுக்களைப் பூஜ்யமாக்கினேன். ஸ்வெல் அப்படியே நின்றது, மெல்லிய எதிரொலிகள் காணாமல் போயின. காரணம் எளிது: இங்கே இரைச்சல்தான் பெரியது. இப்போது ஒவ்வொரு கெழுவையும் சுற்றியுள்ள 21 ட்ரேஸ்களின் மீடியனோடு (நடு மதிப்பு) ஒப்பிடுகிறேன். நான்கு மடங்கைத் தாண்டினால் மீடியன் அளவுக்கு இறக்கிவிடுகிறேன். கடல்தரை எதிரொலி எல்லா ட்ரேஸிலும் இருப்பதால் தப்பிவிடும்.

சாதாரண டிஸ்கிரீட் வேவ்லெட் முறையில் ஒவ்வொரு நிலையிலும் சாம்பிள்கள் (அளவீட்டுப் புள்ளிகள்) பாதியாகக் குறையும்; அதனால் பதிவு ஒரு சாம்பிள் நகர்ந்தாலே கெழுக்கள் மாறிவிடுகின்றன. பக்கத்து ட்ரேஸோடு ஒப்பிட அது ஆகாது. அதனால், சாம்பிளைக் குறைக்காத ஸ்டேஷனரி முறைக்கு மாறினேன். ஆறு நிலைக்குப் போனால் ஒரு ட்ரேஸ் ஏழாகப் பெருகும், நினைவகம் தின்னும். நீளமும் 64-ஆல் வகுபட வேண்டும். 6 விநாடிப் பதிவின் 3000 சாம்பிளை 3008 ஆக்க வேண்டியிருக்கிறது. பூஜ்யம் சேர்த்து நீட்டாதீர்கள், ஓரத்தில் பொய் அலை முளைக்கும்; கண்ணாடிப் பிம்பமாக மடித்து நீட்டுங்கள்.

வடிகட்டுமுன் உள்ளதிலிருந்து பின் உள்ளதைக் கழித்த படத்தை ஒவ்வொரு லைனுக்கும் (கப்பல் ஓடிய தடம்) பார்த்தே ஆக வேண்டும். ஒருமுறை அந்தப் படத்தில், பட்டைகளுக்கு நடுவே மெல்லிய சாய்கோடு ஒன்று தெரிந்தது. கடலடிப் பள்ளத்தாக்கின் சரிவு! தரை செங்குத்தாக இறங்கும் இடத்தில் பக்கத்து ட்ரேஸ்களில் எதிரொலி வேறு நேரத்தில் வரும். மீடியன் தாழ்ந்துபோய், நல்ல சிக்னலே வெட்டுப்பட்டிருக்கிறது. நிலை நிலையாகப் பிரித்துப் பார்த்தேன். 16 முதல் 31 ஹெர்ட்ஸ் வரையுள்ள நான்காம் நிலையில்தான் கசிவு; அங்கே வேவ்லெட் குட்டை, சின்ன நேர வித்தியாசமும் பெரிதாகிவிடும். அன்றிலிருந்து ஐந்து, ஆறு, அதற்குக் கீழே மிஞ்சுவது, இவற்றை மட்டுமே தொடுகிறேன்.