பழைய லேப்டாப்: திங்க்பேடா, லேட்டிட்யூடா, எலைட்புக்கா?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குள் போய் "ஆபீஸ் வேலைக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் காட்டுங்க" என்று கேட்டால், மேசைமேல் வந்து விழுபவை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 2018-இல் வந்தவை, 14 அங்குலத் திரை கொண்டவை, பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது ஐ7-இல் ஓடுபவை. கம்பெனிகள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்ததால்தான் சந்தையில் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கின்றன. ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்), உடம்பில் இருக்கும் கீறல், நம்முடைய பேரம் எல்லாவற்றையும் பொறுத்து விலை இருபதாயிரத்தை ஒட்டி ஏறும், இறங்கும்.

கடைக்காரர் "மூணும் ஒண்ணுதான் சார், எது வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்பார். வேகத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் ஏழெட்டு வயதான இயந்திரத்தை இன்னும் நாலைந்து ஆண்டு ஓட்டப் போகிறோம். அதற்குள் பேட்டரி போகும், விசிறியில் தூசி அடையும், கீபோர்டில் யாராவது காபியைக் கொட்டுவார்கள். அப்போது எது குறைந்த செலவில் எழுந்து நிற்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏன் போகக் கூடாது?

இரண்டு காரணங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்றுக்கொள்ளும் இன்டெல் சில்லுகள், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது. ஏழாம் தலைமுறை ஐ5-7200யு சில்லில் கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் மூளை, இரண்டே இரண்டு. அடுத்து வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர், ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை (த்ரெட்). பெயரில் ஓர் எண்தான் கூடியது, உள்ளே கோர் இரட்டிப்பாகிவிட்டது. அதனால் டி470, லேட்டிட்யூட் 7480, எலைட்புக் 840 ஜி4 ஆகியவற்றை மூவாயிரம் நாலாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றாலும், விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டாம். குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏறும், ஓடவும் ஓடும். அடுத்த பெரிய அப்டேட் வரும்போது என்ன ஆகும் என்பதற்குக் கடைக்காரரும் பொறுப்பில்லை, மைக்ரோசாஃப்டும் பொறுப்பில்லை.

விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. லினக்ஸ் மின்ட் போட்ட டி470 ஒன்று பிரவுசர், கணக்கு வழக்கு, தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் நிம்மதியாகச் செய்யும். விண்டோஸ் 10 நின்றதால் இந்த வகையின் விலை சரிந்திருப்பது அவர்களுக்கு லாபம்.

கழற்றிப் பார்த்தால்

ரேம் விஷயத்தில் மூன்றும் சமம். மூன்றிலும் இரண்டு டிடிஆர்4 ஸ்லாட்கள், எதுவும் மதர்போர்டில் பற்றவைக்கப்படவில்லை. டி480-க்குப் பக்கத்திலேயே டி480எஸ் என்று மெலிந்த தம்பி ஒருவர் இருப்பார். கையில் எடுத்ததும் பிடித்துப் போகும். அதில் ரேமின் ஒரு பகுதி போர்டோடு ஒட்டியது, ஸ்லாட் ஒன்றுதான். போர்டில் 4 ஜிபி மட்டும் உள்ளதா, 8 ஜிபியா என்று கேட்காமல் அதை வாங்காதீர்கள்.

எஸ்எஸ்டி விஷயத்தில் டி480 கொஞ்சம் பின்தங்குகிறது. லேட்டிட்யூட் 7490-லும் எலைட்புக்கிலும் வேகமான எம்.2 என்விஎம்இ வகை எஸ்எஸ்டி நேரடியாகப் போர்டில் உட்காரும். டி480-இல் இருப்பது பழைய 2.5 அங்குல இடம். அங்கே வேகம் குறைந்த சாட்டா வகை எஸ்எஸ்டி போடலாம், அல்லது ஒரு சின்ன அடாப்டரும் தகடும் வாங்கி என்விஎம்இ மாட்டலாம். அப்படி மாட்டினாலும் தரவு ஓடும் பிசிஐஇ பாதைகள் இரண்டுதான் கிடைக்கும், அதாவது முழு வேகத்தில் ஏறத்தாழ பாதி. எக்செல், பிரவுசர், ஜூம் பயன்படுத்துகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அந்த அடாப்டர் தனிச் செலவு என்பதை மட்டும் பேரம் பேசும்போது நினைவில் வையுங்கள்.

பேட்டரியில் டி480-ஐ மற்ற இரண்டும் தொட முடியாது. உள்ளே 24 வாட்-அவர் பேட்டரி ஒன்று, பின்னால் கையாலேயே கழற்றக்கூடிய இன்னொன்று. அந்த வெளிப் பேட்டரி 24, 48, 72 வாட்-அவர் என்று மூன்று அளவுகளில் உண்டு. 72 போட்டால் லேப்டாப்பின் பின்பக்கம் சற்றுத் தூக்கி நிற்கும். சிலருக்கு அது அசிங்கம், எனக்குத் தட்டச்சு செய்ய வசதி. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்களுக்கும், ரயிலிலேயே பாதி வேலையை முடிப்பவர்களுக்கும் இது ஒன்றே போதும் இந்த மாடலை எடுக்க. லேட்டிட்யூட் 7490-இல் பெரும்பாலும் 60 வாட்-அவர், எலைட்புக்கில் சுமார் 50. இரண்டும் உள்ளே பதித்தவை. இருந்தாலும் பயப்பட வேண்டாம்: அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தினால் பேட்டரி கண்முன்னே இருக்கும்.

சொல்லப்போனால் மூடியைத் திறப்பது டெல்லிலும் எச்பியிலும்தான் சுலபம். டி480-இன் அடிமூடியில் திருகுகளோடு பிளாஸ்டிக் கொக்கிகளும் உண்டு. பொறுமையில்லாமல் நெம்பினால் ஒன்றிரண்டு உடையும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை ஓரத்தில் செருகி மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். திறப்பதற்கு முன் பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் போகக்கூடிய அமைப்புத் திரை) போய் உள்பேட்டரியை முடக்கும் தெரிவை அழுத்திவிடுங்கள், வெளிப் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.

கீபோர்டு போனால் கதை தலைகீழ். டி480-இல் அடியில் சில திருகுகளைத் தளர்த்தி, மேல்பக்கமாகவே கீபோர்டை எடுத்துவிடலாம். மற்ற இரண்டிலும் கீபோர்டு போர்டுக்கு அடியில் புதைந்திருக்கிறது, கிட்டத்தட்ட முழு இயந்திரத்தையும் பிரித்தாக வேண்டும். கீபோர்டின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை ஒரு பெரிய காரணமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

திரையில் ஏமாறுவது எங்கே

டி480-இன் உண்மையான பலவீனம் திரைதான். கம்பெனிகள் காசை மிச்சம் பிடிக்க 1366 × 768 டிஎன் திரையோடு வாங்கிய டி480-கள் சந்தையில் நிறைய உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும், எழுத்து மங்கும். பக்கவாட்டிலும் நிறம் மாறாத முழு எச்டி ஐபிஎஸ் திரை உள்ளதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதுவும்கூடப் பிரகாசமானதல்ல, 250 நிட்ஸ்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். மட்டமான திரையோடு மலிவாக வந்தால், வாங்கிவிட்டு முழு எச்டி பேனல் மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. தொடுதிரை இல்லாத மாடலில், திரையைப் போர்டோடு இணைக்கும் அதே 30 முள் இணைப்பு போதும்.

எலைட்புக்கில் வேறு மாதிரி பொறி இருக்கிறது. ஷ்யூர் வியூ என்று ஒரு வசதி: ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்து இருக்கைக்காரருக்குத் திரை தெரியாது. வங்கி அதிகாரிக்கு அது பயன்படலாம். நமக்கோ, அதை அணைத்து வைத்திருக்கும்போதும் ஓரங்களில் வெளிறிப்போன திரைதான் மிச்சம். கடையில் வாங்கும்போது பக்கவாட்டில் சாய்ந்து ஒருமுறை பாருங்கள். ஷ்யூர் வியூ இல்லாத 840 ஜி5 கிடைத்தால் மூன்றில் அழகானது அதுதான்: அலுமினிய உடம்பு, நல்ல ஒலி. படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் லேப்டாப் வேண்டும் என்றால் நான் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

லேட்டிட்யூடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல ஒன்றுமில்லாததே அதன் சிறப்பு. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் இதைக் கழற்றிப் பழகியவர். வட்ட முள் சார்ஜரில் மட்டும் கவனம். நடு முள் வழியாக லேப்டாப் சார்ஜரின் அடையாளத்தைக் கேட்கும். போலி சார்ஜர் பதில் சொல்லாவிட்டால், அடாப்டர் எதுவென்று தெரியவில்லை என்று எச்சரித்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியையும் ஏற்றாது. மூன்றுமே யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகக்கூடியவை என்பதால் தரமான 65 வாட் சி-டைப் சார்ஜர் ஒன்றை வைத்துக்கொள்வது மேல்.

டி480-இல் யுஎஸ்பி-சி மட்டும்தான், வேறு சார்ஜ் வழியே கிடையாது. அந்தத் துளை போர்டிலேயே பற்றவைத்தது, ஆட்டம் கண்டால் போர்டு வேலை. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்துத் திங்க்பேடுகள் பலவற்றில் தண்டர்போல்ட் (வேகமான சி-போர்ட்) சில்லுக்குள் பதித்த மென்பொருளான ஃபர்ம்வேரில் ஒரு கோளாறு இருந்தது. அது முற்றினால் சி-போர்ட் செயலிழந்துபோகும். லெனோவோ இதற்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. டி480 வாங்கி வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த அப்டேட். கடையிலேயே இரண்டு சி-போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

பூட்டு

மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பூட்டுப் போட்ட லேப்டாப்பால் வருவது. இரண்டு வகை. ஒன்று பயாஸ் பாஸ்வேர்டு. திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் போர்டை மாற்றுவதுதான் லெனோவோ சொல்லும் வழி. இரண்டாவது, பழைய கம்பெனியின் நிர்வாகப் பட்டியலிலிருந்து நீக்கப்படாத இயந்திரம். கடையில் நன்றாக ஓடும். ஒருநாள் முழுதாக ரீசெட் செய்து இணையத்தில் இணைத்ததும் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி, அதன் கணக்கில் உள்ளே வரச் சொல்லும். ஆகவே கடையில் நிற்கும்போதே பயாஸுக்குள் போய் ஏதாவது ஒரு அமைப்பை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். விண்டோஸை ரீசெட் செய்து, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் திரையைத் தாண்டும்வரை காத்திருங்கள். முக்கால் மணி நேரம் ஆகலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

புதியதே வாங்கினால்?

இந்தக் கேள்வி நியாயமானது. முப்பத்தைந்து, நாற்பதாயிரம் கொடுத்தால் ஐ3-1215யு போட்ட புது லேப்டாப் வரும். உண்மையைச் சொன்னால் அது இந்த மூன்றையும்விட வேகமானது, வாரண்டியும் உண்டு. கையில் அந்தப் பணம் இருந்து, திருப்புளியைத் தொடவே பிடிக்காது என்றால் அதுவே சரி. ஆனால் அதே விலைக்கு ஏஎம்டியின் ரைசன் 3 7320யு சில்லு போட்டதைக் காட்டினால் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதில் ரேம் எப்போதுமே போர்டில் பற்றவைத்துத்தான் வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இரண்டு கோர் செலரான் போட்ட புதியவற்றைவிட இந்தப் பழைய மூன்றில் எதுவும் மேல்.

இருபதாயிரத்துக்கு ஆப்பிளும் கிடைக்கும் என்று 2017 மேக்புக் ஏரைக் காட்டுவார்கள். ஐந்தாம் தலைமுறைச் சில்லு, மாற்ற முடியாத 8 ஜிபி ரேம், மான்டெரே பதிப்போடு நின்றுபோன மேக் ஓஎஸ். பார்க்க லட்சணமாக இருக்கும், அவ்வளவுதான். மேக் வேண்டும் என்றால் பணம் சேர்த்து ஆப்பிளின் எம்1 சில்லு போட்டதை வாங்குங்கள்.

வாங்கிய பிறகு

முன்பெல்லாம் "8 ஜிபியோடு வாங்குங்கள், ரேமை அப்புறம் மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்" என்பதுதான் எல்லோரும் சொன்ன வழி. 2025-இன் கடைசியிலிருந்து அது செல்லாது. ஏஐ சர்வர்கள் மெமரியை விழுங்கத் தொடங்கியதும் டிடிஆர்4 உட்பட எல்லா ரேமும் விலையேறியது. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்போது 16 ஜிபி ஏற்கெனவே உள்ள லேப்டாப்பைச் சற்றுக் கூடக் கொடுத்து வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்து வருகிறது. ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் இருந்தால் நல்லது. பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் இல்லாத இந்த இயந்திரங்களில், இரண்டு துண்டும் சேர்ந்து வேலை செய்யும் இரட்டைச் சேனல் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

பராமரிப்பில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கியதும் ஒருமுறை விசிறியைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிட்டால் சத்தமும் சூடும் குறையும். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உண்டு. அதில் முதலில் இருந்த கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையை இப்போதே கணக்கில் சேர்த்துவிடலாம். டச்பேட் மேலே உப்பி நின்றாலோ, அடிமூடி சமமாக உட்காராவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை ஒருநாள்கூட ஓட்டாதீர்கள். டி480-க்கு வெளிப் பேட்டரி மலிவாகக் கிடைப்பதில் பாதி, மேலே 72 என்று அச்சடித்து உள்ளே அதைவிடக் குறைவாக வைத்திருப்பவை. வாங்கியவுடன் அதே ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

சரி, எது? தானே கழற்றி மாட்டுகிறவர், நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர், கரண்ட் நிலையில்லாத ஊர்க்காரர் ஆகியோருக்கு முழு எச்டி திரையுள்ள டி480. எதையும் திறக்க மாட்டேன், பழுதானால் பக்கத்துக் கடையில் கொடுப்பேன் என்பவருக்கு லேட்டிட்யூட் 7490. கல்லூரிப் பிள்ளைக்கு, பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் ஷ்யூர் வியூ இல்லாத எலைட்புக். எதை எடுத்தாலும் ஐ7-க்காக நாலாயிரம் கூடக் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஐ5-8350யு-வும் ஐ7-8650யு-வும் அதே நான்கு கோர், அதே 15 வாட். இந்த மெல்லிய உடம்புக்குள் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் சூடாகி மூச்சு வாங்கும். அந்த நாலாயிரத்தைப் புதுப் பேட்டரிக்கு ஒதுக்குங்கள்.