பழைய பிக்கப்புக்கு எந்த டயர்: நைலானா, ரேடியலா, ரீபட்டனா?

என்னிடம் இருப்பது 2011 மாடல் பொலேரோ பிக்கப். பாலக்கோட்டைச் சுற்றித் தக்காளி, சீசன் வந்தால் கிருஷ்ணகிரி கூழ் ஆலைகளுக்கு மாங்காய், மற்ற நாட்களில் கிடைத்த லோடு. இஞ்சின் நன்றாக இருக்கிறது, வண்டியை மாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டயர் கடை வாசலில் நிற்கும்போது அதே குழப்பம் வருகிறது. நைலான் போடுவதா, ரேடியல் போடுவதா, இருக்கிற டயரையே ரீபட்டன் அடித்து, அதாவது தேய்ந்த மேல்பக்கத்தில் புது ரப்பர் ஒட்டி ஓட்டுவதா? மூன்றையும் இதே வண்டியில் ஓட்டிவிட்டேன். எந்தக் கம்பெனி டயர் என்பதை விட, வண்டி எந்த ரோட்டில் எவ்வளவு லோடோடு ஓடுகிறது என்பதுதான் முடிவைச் சொல்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

முதலில் நைலான். இதில் நூல் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாகப் போகின்றன. பட்டன், அதாவது ரோட்டில் படும் வரிப்பள்ள ரப்பர் இருக்கும் மேல்பக்கம் முதல் பக்கச்சுவர் வரை அதே அடுக்குகள்தான். அதனால் பக்கச்சுவர் கனமாகவும் முரடாகவும் இருக்கும். கல் உரசினாலும், பள்ளத்தின் விளிம்பு கடித்தாலும் சட்டென்று கிழியாது. என் மாமா அஞ்செட்டிப் பக்கம் ராகி மூட்டையும் புளியும் ஏற்றுகிறவர். பாதி தூரம் தார் ரோடு, மீதி கல்லும் செம்மண்ணும். ரேடியலுக்கு மாறச் சொல்லி நான் பலமுறை சொன்னேன். "மாப்ளே, எனக்கு வேகம் எதுக்கு? சைடு கிழியாம வண்டி ஊடு வந்து சேந்தா போதும்" என்பார். அவர் ஓடுகிற ரோட்டுக்கு அவர் சொல்வது சரி. சித்தேரி மலைப் பாதை, ஒகேனக்கல் காட்டோர ஊர்கள், பர்கூர்ப் பக்கத்துக் கல் குவாரிகள், எங்கெல்லாம் கூரான கல் டயரின் பக்கவாட்டில் ஏறுமோ அங்கெல்லாம் நைலானுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஆனால் அதே டயரை சித்திரை வெயிலில், ஃபுல் லோடில், ஓசூர் வரை நேஷனல் ஹைவேயில் ஓட்டிப் பாருங்கள். டயர் சுழலும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறுக்கு அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபட்டு உரசுகின்றன. அந்த உரசல் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி டீக்கு நிறுத்தும்போது டயரில் கை வைத்தால் வைத்த இடத்தில் நிற்காது. காற்றும் குறைவாக இருந்தால் சூடு இன்னும் கூடும், வெடிப்பதற்கும் அதுவே காரணமாகிறது. இரவு முழுக்க லோடோடு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தடதடவென்று அடிக்கும். தரையில் அழுந்தியிருந்த பக்கம் தட்டையாகிவிட்டதுதான் காரணம், சூடேறியதும் சரியாகிவிடும். என் வண்டியில் நைலான் முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் மொட்டையானது.

ரேடியலில் கட்டுமானமே வேறு. நூல் ஒரு ரிம் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும். பட்டனுக்கு அடியில் மட்டும் தனியாக ஸ்டீல் பெல்ட் சுற்றியிருக்கும். பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும்போதும் மேல்பக்கம் ரோட்டில் சமமாகப் படிந்தே இருக்கும். அதனால் சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசலிலும் கொஞ்சம் மிச்சம். மழையில் பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் காலிலேயே தெரியும். என் வண்டியில் ஐம்பதாயிரம் தாண்டியும் பட்டன் மிச்சம் இருந்தது. விலை நைலானை விடக் கூடுதல்தான். ஆனால் விலையை ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்தால், என் ரோட்டில் ரேடியல்தான் மலிவு.

அதன் பலவீனம் பக்கச்சுவர். அங்கே கனம் குறைவு. கல் கிழித்துவிட்டால் பேட்ச் போட்டு லோடு ஏற்றக் கூடாது, டயர் போனது போனதுதான். அப்புறம், ரேடியல் நின்ற இடத்தில் அடிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கியபடிதான் தெரியும். காற்று சரியாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் நைலான் பழக்கத்தில் கண்ணால் பார்த்தோ, காலால் உதைத்தோ காற்றைக் கணிக்க முடியாது. பத்து நாளைக்கு ஒருமுறையாவது, டயர் சூடேறும் முன், கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில், காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் தனித்தனியாக இருக்கும்.

ரேடியல் என்று முடிவு செய்த பிறகுதான் பெரிய பொறி ஒன்று காத்திருக்கிறது. இதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 215/75 ஆர் 15 என்ற அதே அளவில் ஆட்கள் போகும் ஜீப் வகை வண்டிகளுக்கும் டயர் வருகிறது, லோடு வண்டிக்கும் வருகிறது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ரிம்மிலும் அழகாக உட்காரும். வித்தியாசம் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எண்ணில் இருக்கிறது. 100 என்று இருந்தால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 800 கிலோ. 109 என்றால் 1,030 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. இப்போது கணக்குப் போடுங்கள். ஒன்றேகால் டன் ஏற்றினால் அதில் பெரும்பங்கு பின் அச்சில்தான் விழும். அதோடு வண்டியின் பின்பக்க எடையையும் சேர்த்தால் 1,600 கிலோவை எளிதாகத் தாண்டிவிடும். 100 போட்ட இரண்டு டயர்கள் தாங்குவது மொத்தமே அந்த 1,600தான். தக்காளிச் சந்தையில் கூண்டுக்கு மேல் இரண்டு வரிசை கிரேட் அடுக்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் டயர் வாங்கக் கூடாது. அளவோடு எல்.டி. அல்லது சி என்ற எழுத்தும், உங்கள் வண்டியில் கம்பெனி போட்டுத் தந்த டயருக்குக் குறையாத எண்ணும் இருக்க வேண்டும். 8 பிளை, 12 பிளை என்று கடையில் சொல்வதும் தாங்கும் திறனின் அளவுதான். உள்ளே உண்மையில் அத்தனை அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

காசு இல்லாத மாதத்தில் பலரும் செய்வது, இரண்டு ரேடியல் வாங்கி இருக்கிற இரண்டு நைலானோடு ஓட்டுவது. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறு பக்கம் ரேடியல் என்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கலந்தே ஆக வேண்டும் என்றால் ரேடியல் ஜோடி பின்பக்கம் போக வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்றால் ஸ்டியரிங் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வளைவில் பின்பக்கம் வழுக்கி வெளியே போகப் பார்க்கும். புது டயரை முன்னால் போடும் பழக்கம் நம் பக்கம் ஊறிப்போயிருக்கிறது. அதை இந்த இடத்திலாவது விட வேண்டும்.

இனி ரீபட்டன். இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய லாரிகளும் பஸ்களும் பல காலமாக இதில் ஓடுகின்றன. எம்.ஆர்.எஃப் கம்பெனியே டயர் செய்வதற்கு முன்னால், 1952-இல், ரீட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கியதுதான். தேய்ந்த பட்டனைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரப்பரை ஒட்டுவதில் இரண்டு முறை உண்டு. பட்டன் இல்லாத ரப்பரை வைத்து அச்சுக்குள் அதிகச் சூட்டில் வேகவைப்பது ஒன்று. பட்டனோடு ஏற்கெனவே வெந்த பட்டையை ஒட்டிக் குறைந்த சூட்டில் சேம்பரில் வைப்பது இன்னொன்று. இரண்டாவதில் உள்ளே இருக்கும் நூலுக்குச் சிரமம் குறைவு, அதனால் ரேடியலுக்கு அதுவே நல்லது. செலவு புது டயரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆகும்.

ஆனால் எல்லாம் பட்டனுக்கு அடியில் இருக்கும் பழைய டயரின் உடலைப் பொறுத்தது. நான்கு வருடங்களுக்கு முன் முன் டயர் இரண்டையும் ரீபட்டன் அடித்தேன். உடல் ஏற்கெனவே ஆறு வருடம் பழசு, அதை நானும் பார்க்கவில்லை, அடித்துக் கொடுத்தவர்களும் சொல்லவில்லை. சேலத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் போகும்போது இடது முன் டயரின் பட்டை உரிந்து மட்கார்டில் படபடவென்று அடித்தது. இரட்டைப் பாலத்துக்கு முன்பே இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்ததால் ஓரங்கட்ட முடிந்தது. எத்தனை உயிர்களைக் குடித்த இறக்கம் அது என்பது நம் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. அன்று கை நடுங்கியது நிற்க அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து என் முடிவு இது: ரீபட்டன் பின்பக்கம் மட்டும், ஐந்து வருடம் ஆகாத உடல் மட்டும், ஒரு டயருக்கு ஒரு தடவை மட்டும். நம் பிக்கப்பில் பின்பக்கமும் ஒற்றை வீல்தான், லாரி போல ஒன்று போனால் பக்கத்து டயர் தாங்காது. அதனால் மலை இறங்கும் வண்டிக்கு அதுவும் வேண்டாம்.

டயரின் வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. புது டயர் என்று கொடுத்தாலும் இதைப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். அதேபோல் பட்டன் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். சட்டப்படியே அதுதான் எல்லை. மழைக்காலத்தில் நான் அதுவரை காத்திருப்பதில்லை.

டியூப்லெஸ் பற்றியும் கேட்பார்கள். பஞ்சரானாலும் காற்று மெதுவாக இறங்குவது பெரிய வசதி. ஆனால் பழைய வண்டியின் ரிம் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். ஓரம் துருப்பிடித்த, அடிபட்டு வளைந்த ரிம்மில் காற்று நிற்காது. என் ரிம் அந்த நிலைமையில்தான் இருக்கிறது, டியூப்போடுதான் ஓட்டுகிறேன். ரேடியலுக்கு ரேடியல் டியூப் என்று கேட்டு வாங்கினால் போதும்.

சரி, என்ன போடலாம்? பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர், சேலம் என்று தார் ரோட்டில் ஓடுகிற வண்டி என்றால் நான்கும் லோடு ரேடியல், யோசிக்கவே வேண்டாம். வாரத்தில் பாதி நாள் மலையிலும் குவாரியிலும் என்றால் நான்கும் நைலான், முன்னால் நேர்கோடு பட்டன், பின்னால் கட்டைப் பட்டன். உள்ளூருக்குள் செங்கல், மணல் அடிக்கிற, நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டி என்றால் பின்னால் நல்ல ரீபட்டன் போதும்.

எதைப் போட்டாலும் அதற்கு முன்னால் முன்பக்க புஷ், ஸ்டியரிங் ராடு, பேரிங் மூன்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பாருங்கள். பதினைந்து வருட வண்டியில் கட்டாயம் ஏதாவது ஆடும். ஆட்டத்தோடு அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது, புது டயர் ஆறு மாதத்தில் ஒரு பக்கமாகத் தின்றுவிடும். அப்படியே ஸ்டெப்னியையும் இறக்கிக் காற்றுப் பாருங்கள். பாடிக்கு அடியில் தொங்கிச் சேறும் கல்லும் வாங்குகிற டயர் அது. கழட்டிய டயர்களில் நல்லதாக ஒன்றைத்தான் நான் அங்கே மாட்டுகிறேன், பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போவதற்கு மட்டும்.