இரண்டு வருட அடபலீனும் ஒரு பிளா ஒடியல் கூழும்

போன ஞாயிறு கோண்டாவிலில் மச்சாள் வீட்டில் ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற உறைப்புக் கூழ். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுக் காய்ச்சி, பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தாள். முதல் மிடறிலேயே வாயின் இரண்டு ஓரமும் எரியத் தொடங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து பிளாவைக் கீழே வைத்தேன். "அந்த ஜெல்லாலயா மச்சாள்? நானும் வாங்குவம் எண்டு இருந்தன். எப்பிடி அது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் பாவிப்பது முகப் பருவுக்குப் பூசுகிற அடபலீன் 0.1 சதவீத ஜெல். 2023 செப்டம்பரில், நல்லூர்த் திருவிழா முடிந்த வாரம் தொடங்கினேன். அப்போது எனக்கு 34 வயது. பள்ளிக்கூடக் காலத்தில் எனக்குப் பரு பெரிதாக வந்ததில்லை. 28க்குப் பிறகுதான் நாடியிலும் தாடையோரத்திலும், தொட்டாலே நோகிற மாதிரி உள்ளுக்குள் கட்டியாக வரத் தொடங்கியது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் தவறாமல் வரும். இரண்டு பிள்ளைகளைப் பெற்றபிறகும் பருவா என்று கேட்காத ஆளில்லை. அம்மா உடம்புச் சூடு என்று இளநீர் தந்தார். இன்னொருவர் முகம் கழுவுவது போதாது என்றார். அதை நம்பி ஒரு நாளைக்கு ஐந்து தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தோல் வறண்டு இன்னும் மோசமானது.

பருவுக்கு அழுக்கு காரணமில்லை. ஆண்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. உதிர வேண்டிய தோல் கலங்கள் எண்ணெயோடு சேர்ந்து மயிர்த்துளையை அடைக்கின்றன. உள்ளே பக்டீரியா பெருகி அந்த இடம் வீங்குகிறது. இதில் முகம் கழுவாதவள் என்ற பேச்சுக்கு எங்கே இடம்? எத்தனை பெண்கள் இந்தப் பேச்சுக்குப் பயந்து வெளியே போகாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

அடபலீன் கை வைப்பது அந்த அடைப்பில்தான். வந்த பருவைக் காய வைப்பதைவிட, அடுத்தது வராமல் தடுப்பதுதான் அதன் முக்கியமான வேலை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பாமசியில் டியூப்பைப் பையில் போட்டு, "பரு உள்ள இடத்தில பூசுங்கோ" என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு மாதம் பரு மேலேயே அப்பினேன். அந்த இடமெல்லாம் உரிந்து சிவந்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு தோல் வைத்தியரிடம் போனேன். பட்டாணி அளவு எடுத்து, இரவில், முகம் நன்றாகக் காய்ந்தபிறகு, முகம் முழுக்க மெல்லியதாகப் பூசச் சொன்னார். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கண்ணோரம், மூக்கோரம், வாயோரம் படக்கூடாது. முதல் சில வாரம் பரு கூடலாம், 12 வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார். கூடத்தான் செய்தது. ஐந்தாவது வாரம் டியூப்பை எறிய எடுத்தேன்.

நான்காவது மாதம் ஒரு மத்தியானம், வேலை முடிந்து ஸ்கூட்டிக் கண்ணாடியில் தற்செயலாக முகத்தைப் பார்த்தேன். நல்ல வெயில். தாடையில் புதுத் தழும்பு ஒன்றும் இல்லை. எங்கள் மாநிறத் தோலில் பரு ஒரு வாரத்தில் போய்விடும், அதன் கறுப்பு மாதக் கணக்கில் நிற்கும். எனக்குப் பருவைவிட அந்தக் கறுப்புத்தான் பெரிய கவலை. புதுப் பரு வராததால் புதுக் கறுப்பும் வரவில்லை, பழையது தன்பாட்டில் மங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஸ்கூட்டியை எடுக்காமல் அப்படியே நின்றேன். இதற்கு வெயில் கிரீமும் காரணம், அதை விட்டால் யாழ்ப்பாண வெயிலில் கறுப்பு மங்காது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாதது, இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசுகிறேன். சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகும்போது நெற்றியில் தேங்காயெண்ணெய் வழிய விடுவதையும் நிறுத்தினேன். நெற்றிப் பொடிப்பருக்கள் அதோடு குறைந்தன.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். லேபிள் இல்லாத டப்பாவில் விற்கிற வெள்ளையாக்கும் கிரீமைப் பருவுக்குப் பூசாதீர்கள். அப்படியானவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம். முதலில் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து அதுவே பருவைக் கிளப்பும்.

சரி, வாயோரத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் நெருங்கியும் தீராத தொல்லை இது ஒன்றுதான். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் நித்திரையில் ஜெல் வாயோரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. முன்கூட்டியே அங்கே வாசலின் தடவினால் பெரும்பாலும் தப்பலாம். ஆனால் ஆடியில் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் வாசலினும் போதாது. ஓரம் வெடிக்கும், சிரிக்க நோகும், உறைப்புப் பட்டால் உயிர் போகும். வருடம் ஒரு தரம் எல்லோரும் கூடிக் குடிக்கிற கூழ். என் பிள்ளைகள் மூன்றாம் பிளா கேட்டுக்கொண்டிருக்க, நான் வெறுஞ்சோறும் தயிரும் சாப்பிட்டேன்.

மச்சாளுக்கு நான் வேண்டாம் என்றே சொன்னேன். அவள் ஒரு பிள்ளை தங்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்த நேரத்திலும் கர்ப்பமான பிறகும் அடபலீன் தொடக்கூடாது. அசிலேயிக் அசிட் என்று ஒன்று இருக்கிறது, கர்ப்பகாலத்திலும் பாவிக்கலாம், கறுப்புக்கும் நல்லது. வைத்தியரிடம் அதைக் கேள் என்றேன். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவதையும் நாடியில் மயிர் வளர்வதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன், சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இத்தனை வருடத்தில் எனக்கு வேலை செய்த ஒரே மருந்து இதுதான். ஆனாலும் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கொடுக்க எனக்கு மனமில்லை. நான்கு இரவாகப் பூசவில்லை, வாயோரம் இன்னும் ஆறவில்லை.