கூடுதல் விலையா, தள்ளுபடியா, ஒரே விலையா?

விலை வைக்கும்போது நாம் லாபக் கணக்கைத்தான் போடுகிறோம். வாங்குபவரோ அந்த எண்ணை வைத்தே பொருள் எப்படிப்பட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவு உடம்பு வரைக்கும் போகும் என்பதை 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புதிய வலிநிவாரணி என்று சொல்லி 82 பேருக்கு மாத்திரை கொடுத்தார்கள். பாதிப்பேரிடம் அதன் விலை 2.50 டாலர் என்றார்கள். மற்றவர்களிடம், 10 சென்டாகக் குறைத்திருக்கிறோம் என்றார்கள். மணிக்கட்டில் மின் அதிர்ச்சி கொடுத்து, மாத்திரைக்கு முன்னும் பின்னும் வலி எவ்வளவு என்று கேட்டார்கள். முழு விலை என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. மலிவு என்று கேட்டவர்களில் 61 சதவீதம் பேருக்குத்தான். இரண்டு பக்கமும் ஒரே மாத்திரை. அதில் மருந்தே கிடையாது.

அப்படியானால் கூடுதல் விலைதான் சிறந்ததா? எல்லா இடத்திலும் இல்லை. ஒரே ஒயினை 10 டாலர் என்று சொன்னபோது பிடித்ததைவிட, 90 டாலர் என்று சொன்னபோது அதிகம் பிடித்தது என்று அதே ஆண்டு இன்னோர் ஆய்வு கண்டது. ஆனால் விலையை மறைத்து ஊற்றிக் கொடுத்த 6,000-க்கும் மேற்பட்ட சுவைப்புகளை அலசியபோது, சாதாரணமாகக் குடிப்பவர்கள் விலை உயர்ந்த ஒயினுக்குக் கூடுதல் மதிப்பெண் தரவில்லை. தரத்தைத் தானே அளக்க முடியாத இடத்தில்தான் ஆள் விலையைப் பிடித்துக்கொள்கிறார். ஆலோசனை, பயிற்சி, வாசனைத் திரவியம் எல்லாம் அந்த வகை. பென் டிரைவ் விற்பவருக்கு இது உதவாது. எத்தனை ஜிபி என்று உறையிலேயே இருக்கிறதே!

தள்ளுபடியைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். அடித்துக் காட்டும் பழைய விலை மனதில் ஓர் அளவுகோலாக நின்றுவிடுகிறது; புது விலை அதன் பக்கத்தில் லாபமாகத் தெரிகிறது. முதல் முறை சரி. மாதாமாதம் அடித்தால், குறைந்த விலைதான் அதன் உண்மையான விலை என்று வாடிக்கையாளர் கற்றுக்கொள்வார். அப்புறம் முழு விலைக்கு விற்பது பெரும்பாடு.

தள்ளுபடி இல்லாமல் எந்நாளும் எல்லோருக்கும் ஒரே விலை என்பது என் மனதுக்கு மிகவும் பிடித்த வழி. நேர்மையானது, பேரம் தெரியாதவரையும் ஏமாற்றாதது. ஆனால் அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைகள் 2012-இல் கூப்பன்களையும் தொடர் தள்ளுபடிகளையும் நிறுத்திவிட்டு இதற்கு மாறியபோது, அந்த ஆண்டு விற்பனை கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் தலைமை நிர்வாகி ரான் ஜான்சன் வெளியேற்றப்பட்டார். கூப்பனுக்குப் பழகியவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விலை இல்லாதபோது புது விலை மலிவாகவே தெரியவில்லை. அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரே விலையைத் தைரியமாகச் சொல்வேன். ஏற்கெனவே தள்ளுபடியில் ஓடுபவர்கள் ஒரே நாளில் தாவ வேண்டாம். தள்ளுபடி நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும்.

விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், காரணத்தைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: பழைய மாடல், கடைசி இருப்பு, பெட்டி பிரிந்தது. அந்த மாத்திரை ஆய்வில், விலை ஏன் குறைந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.