காம்பவுண்டா, ரிகர்வா? குமரியில் பழகி நமீபியாவில் எய்ய நினைப்பவருக்கு

முதலில் சட்டத்தைப் பேசிவிடுவோம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நம்மூரில் வில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. கொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, முயன்றாலே குற்றம். கீரிப்பாறைப் பக்கம் மிளா தென்பட்டால் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே இது, இங்கே தோப்பில் ஃபோம் இலக்கை வைத்துப் பழகி, வில் வேட்டைக்கு அனுமதியுள்ள நமீபியா போன்ற நாட்டுக்குப் போய் குடு மான் எய்ய நினைப்பவர் எந்த வில்லை வாங்கலாம் என்ற அலசல். காம்பவுண்ட் என்பது நுனிகளில் சக்கரம் வைத்த நவீன வில்; ரிகர்வ் என்பது சக்கரமில்லாத, நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்.

குடுவுக்கு என்றால் என் ஓட்டு காம்பவுண்டுக்குத்தான். ரசனையை விடுங்கள், கணக்கே அப்படித்தான் சொல்கிறது. 450 கிரெய்ன், அதாவது சுமார் 29 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 270 அடி வேகத்தில் போனால் ஏறக்குறைய 73 அடி-பவுண்டு ஆற்றல் கிடைக்கும். 50 பவுண்டு ரிகர்வில் (நாணை இழுக்கத் தேவையான விசை அது) 500 கிரெய்ன் அம்பு நொடிக்கு 175 அடி வேகத்தில் போனால் 34தான். குடு போன்ற பெரிய மானுக்கு நமீபியா கேட்பது குறைந்தது 65. கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் இந்த இடைவெளியை அடைக்க முடியாது.

காத்திருக்கும் நேரத்திலும் இதே கதைதான். 70 பவுண்டு காம்பவுண்டை முழுதாக இழுத்தபின், 80 சதவீதம் சுமை குறையும் வில் என்றால், கையில் நிற்பது 14 பவுண்டு. மான் பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுக்கலாம். ரிகர்வில் முழுச் சுமையும் விரலிலேயே தங்கும். அதன் நீளமும் சின்ன மறைவிடத்தில் தொல்லை, மேல்நுனி கூரையில் இடிக்கும்.

ஆனால் வில் அதிக நாள் இருக்கப்போவது நம் வீட்டில். அங்கே ரிகர்வ் ஜெயிக்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் காம்பவுண்டின் திருகுகளும் அச்சுகளும் துருப்பிடிக்கும். நாண் மாற்ற, வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் என்ற கருவி வேண்டும், அது தெரிந்த கடையைத் தேடி அலைய வேண்டும். ரிகர்வுக்கு நாண் பூட்ட உதவும் ஒரு ஸ்ட்ரிங்கர் கயிறு போதும், கழற்றும் வகை என்றால் பைக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் நாணில் மெழுகு பூசுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. காம்பவுண்டில் அப்படிச் செய்தால் வில்லே உடையலாம்.

காற்றைப் பழக ஆரல்வாய்மொழியைவிட நல்ல இடம் ஏது? ஆடிமாதத்தில் போங்கள், மெதுவான அம்பு எவ்வளவு விலகுகிறது என்று கண்ணாலேயே தெரியும். அங்கே ரிகர்வ் படாதபாடு படுத்தும், ஆனால் கற்றுக்கொடுக்கும்.

அப்புறம் அம்புமுனை. பட்டதும் பிளேடு விரியும் முனை, விரியும்போதே கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிடும். நிலையான பிளேடு முனைக்கு அந்த இழப்பில்லை, ஆனால் வில் சரியாக ட்யூன் ஆகாவிட்டால் அம்பு வழிமாறும். அதனால் ரிகர்வோடு போகிறவர் நிலையான முனைக்கு மேல் யோசிக்கவே வேண்டாம். காம்பவுண்டுக்கும் நான் அதையே சொல்வேன். பயிற்சி முனையில் குறி சரியாக விழுந்ததும், அதே எடையுள்ள வேட்டை முனையை மாட்டி மறுபடி எய்து பாருங்கள். அம்பு வேறிடத்தில் விழுந்தால் ஊரிலேயே சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.