மலிவான சவரக் கத்திக்குக் கூர் ஏற்ற எது உதவும்: கல்லா, ஃபிலிமா, உப்புத்தாளா?

மலிவான மடக்குச் சவரக் கத்தியை வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கடைசியாக எதில் தீட்டினால் முகத்தில் வைக்கலாம்? 12000 எண் கல்லா (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்), பெல்ஜியத்துக் கல்லா, பச்சைப் பசை தடவிய தோல் வாரா என்று விவாதம் நீள்கிறது. முதலில் எதில் தீட்டுவது என்பதைத்தான் பேச வேண்டும் என்பது என் கட்சி. மலிவான கத்தி மழிக்க மறுப்பது மெருகு போதாமல் அல்ல. அதன் இருபுறச் சரிவுகளும் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், வந்து கூடவே இல்லை. அவற்றைக் கத்தியின் முழு நீளத்துக்கும் கூட வைப்பது எந்த வழி, அதற்கு எவ்வளவு செலவு, கத்தி எவ்வளவு தேய்கிறது என்பதை வைத்தே இங்கே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

கத்தியின் அமைப்பைச் சொல்லாமல் கல்லைப் பற்றிப் பேச முடியாது. சவரக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். சமையல் கத்தியைப் போலக் கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 16 முதல் 18 பாகை வருவது வழக்கம். நல்ல கத்தியில் இது வரம். மலிவான கத்தியில் தொல்லையே இங்கிருந்துதான் தொடங்குகிறது. முதுகு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், அலகு லேசாக வளைந்திருக்கும். ஆலையில் சக்கரத்தில் தேய்த்ததோடு அனுப்பிவிடுவார்கள். கல்லில் தீட்டும் வேலை நம் தலையில் விழுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. வாயை ஒட்டிய சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கர் மையைப் பூசி, உலர்ந்ததும் கல்லில் ஒரே ஒரு முறை இழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு பக்கத்தில் அடியிலும் நுனியிலும் மை போயிருக்கும், நடுவில் அப்படியே நிற்கும். மறுபக்கத்தைப் பார்த்தால் நடுவில் மட்டும் போயிருக்கும். அலகு வில்லாக வளைந்திருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் எவ்வளவு நுண்ணிய கல்லைக் கொண்டு வந்தாலும் அது வாயின் பாதியைத் தொடவே போவதில்லை. மை முழு நீளத்துக்கும் ஒரே சீராக அழியும்வரை முதல் கட்டத்தை விட்டு நகரக் கூடாது.

இந்த முதல் கட்டத்துக்கு உண்மையான போட்டி 1000 எண் நீர்க்கல்லுக்கும் (நீரில் நனைத்துத் தீட்டும் கல்) உப்புத்தாளுக்கும் இடையில்தான்.

உப்புத்தாளின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது: மலிவு, எங்கும் கிடைக்கும், கண்ணாடிப் பலகையில் நீர் தெளித்து ஒட்டினால் சமதளம் தயார். பலவீனம் தீட்டும்போதுதான் தெரியும். தாள் மெத்தென்று இருப்பதால், வாய் முன்னே போகும்படி தள்ளும்போது அதன் எதிரில் இம்மியளவு மேலெழும்புகிறது. அந்த எழும்பல் வாயை உருட்டிவிடும். அழுத்தம் கூடக் கூட உருட்டலும் கூடும். தாளின் துகள்கள் விரைவில் மழுங்குவதால் அடிக்கடி மாற்றவும் வேண்டும். எண்களை நம்பி ஏமாறுவது இன்னொரு சிக்கல். உப்புத்தாளில் பி2000 என்றால் துகளின் சராசரி அளவு சுமார் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஜப்பானிய அளவுமுறையில் 2000 எண் கல் அதைவிட நுண்மையானது, சுமார் 7 மைக்ரான். எண் ஒன்று, கீறலின் ஆழம் வேறு. கரடுமுரடான முதுகைச் சமப்படுத்த உப்புத்தாளை மனமாரப் பரிந்துரைப்பேன். வாயை அதில் அமைப்பதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

1000 எண் நீர்க்கல் சுமார் 14 மைக்ரான் துகள் கொண்டது. உறுதியான தளம், வாயின் எதிரில் எழும்பாது. கல்லின் மேற்பரப்பில் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத் தகட்டிலோ கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளிலோ கோடுகள் எல்லாம் மறையும்வரை தேய்த்தால் தளம் சமமாகிவிடும். இதைச் செய்யாமல் தொடங்குபவர்கள் கல்லின் குழியைக் கத்திக்கு ஏற்றுகிறார்கள். கல்லுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. வளைந்த அலகை அகலமான தளத்தில் முழுதாகப் படுக்க வைக்க முடியாது. கல்லின் நீள விளிம்பை ஒட்டிய குறுகிய பகுதியில், அடியிலிருந்து நுனிக்குக் குறுக்காக இழுத்துக்கொண்டே கையை மெல்ல உருட்டினால் குழிந்த பக்கமும் கல்லைத் தொடும். கண்ணாடியில் விரித்த தாளில் இதை இவ்வளவு இயல்பாகச் செய்ய முடியாது. ஆகவே முதல் கட்டத்தில் என் வாக்கு முழுக்க முழுக்கக் கல்லுக்கே. ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது 1000 எண் கல்லாக இருக்கட்டும்.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்கக் கத்தியை நிமிர்த்தி, வாய் நேராக உங்களைப் பார்க்கும்படி விளக்கின் கீழ் பிடியுங்கள். சரிவுகள் கூடாத இடம் வெள்ளைக் கோடாக மினுங்கும். கூடிய இடத்தில் ஒளி தெறிக்காது, கறுப்பாகத் தெரியும். கை மயிரை இந்தக் கட்டத்திலேயே அது சிரமமில்லாமல் மழிக்க வேண்டும். மழிக்கவில்லை என்றால் 1000 எண் கல்லிலேயே தொடருங்கள்.

அடுத்தது மெருகு. இங்கே போட்டி நீர்க்கற்களுக்கும் லாப்பிங் ஃபிலிமுக்கும். 4000, 8000, 12000 என்று ஏறும் கற்களின் வரிசை வாழ்நாள் முழுவதும் உழைக்கும். நார்ட்டன் நிறுவனத்தின் 4000/8000 இரட்டைக் கல்லில் கற்றுத் தேர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் மலிவான கத்தி ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு கத்தியின் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும். லாப்பிங் ஃபிலிம் என்பது ஒரே அளவான துகள்களைப் படலத்தில் ஒட்டிய மெல்லிய தாள். 9, 3, 1 மைக்ரான் என்று அளவு தாளிலேயே இருக்கும், எண்களை மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். நனைத்த கண்ணாடியில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். சமப்படுத்தும் வேலை கிடையாது. உப்புத்தாளைப் போன்ற மெத்தென்ற தன்மையும் இதில் மிகக் குறைவு.

ஃபிலிமில் ஒரே ஒரு எச்சரிக்கை, அதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அந்த இடம் மேடாகிவிடும், கத்தி அதன்மேல் ஏறும்போது வாயில் கண்ணுக்குத் தெரியாத பல் விழும். கண்ணாடியை ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, ஃபிலிமை விரித்த பிறகு விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டே கத்தியை வையுங்கள். அழுத்தவே வேண்டாம், கத்தியின் எடையே போதும். மேடு பள்ளம் இல்லாத மலிவுக் கத்திக்கு மெருகுக் கட்டத்தில் ஃபிலிமே வெல்கிறது. நிறைய வளைந்த கத்தி என்றால் கண்ணாடியையும் குறுகிய பட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

இயற்கைக் கற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் ஆர்தென் மலைப் பகுதியில் எடுக்கப்படும் கோட்டிக்யூல் கல்லில் கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் படிகங்கள் இருக்கின்றன. தேய்க்கும்போது கல்லின்மேல் எழும் குழம்பைச் சிறிது சிறிதாக நீர்த்துக்கொண்டே போனால் அந்த ஒரு கல்லே பல கற்களின் வேலையைச் செய்யும். அருமையான கல், மென்மையான மழிப்பு. கத்தியைவிடக் கல்லின் குணத்தைக் கற்கவே அதிக நாள் பிடிக்கும் என்பதால், கத்தி எப்படிப்பட்டது என்றே தெரியாத நிலையில் இதில் இறங்க வேண்டாம்.

பச்சைப் பசையான குரோமியம் ஆக்சைடு தடவிய தோல் வாரை வைத்தே எல்லாவற்றையும் சாதிக்க நினைப்பவர்களும் உண்டு. அந்தப் பசையின் துகள் பொதுவாக அரை மைக்ரான் அளவு. கூடிய சரிவை அது மினுக்கும், கூடாத சரிவைக் கூட்டாது. தோல் வளைந்துகொடுப்பதால் அளவு மீறினால் வாய் உருண்டுவிடும். பசையில்லாத தோல் வார் மட்டும் கட்டாயத் தேவை: முதுகு முன்னே போக இழுத்து, திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்டித் திருப்புங்கள். மின்சாரச் சாணைச் சக்கரத்தின் பக்கமே போகாதீர்கள். காகிதம்போல் மெலிந்த வாய் நொடியில் சூடேறும். உருக்கு நீலம் பாய்ந்தால் அது சுமார் 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது, பதம், அதாவது கடினத்தன்மை, போய்விட்டது என்று பொருள்.

மலிவு உருக்கின் எல்லை ஒன்று இருக்கிறது. உருக்கைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி எப்படிக் கத்தியை மழுங்கச் செய்கிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். உருக்கின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி சாய்வாக வந்து மோதும்போது வாய் சில்லாக உடைகிறது என்பது அவர்கள் கண்டது. பதம் சரியாக ஏறாத உருக்கில் சீரின்மைக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் 1 மைக்ரானுக்குக் கீழே 0.3 மைக்ரான் ஃபிலிம் வரை போவது மலிவுக் கத்தியில் வீண் என்கிறேன். அவ்வளவு மெலிந்த வாயை அந்த உருக்கால் தாங்கிப் பிடிக்க முடியாது.

அதைவிடப் பயன் தருவது கோணத்தைச் சற்றுக் கூட்டுவது. முதுகில் மின்வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டினால், 19 மில்லிமீட்டர் அகல அலகில் மொத்தக் கோணம் ஒரு பாகை அளவுக்கு ஏறும், முதுகும் தேயாது. வாய் உதிர்ந்துகொண்டே இருந்தால் இரண்டு சுற்று ஒட்டுங்கள். டேப் தேய்ந்ததும் மாற்றவும், அடுத்த முறை தீட்டும்போதும் அதே அளவு ஒட்டவும் மறக்க வேண்டாம்.

ஆக என் தேர்வு: 1000 எண் கல், பிறகு 9, 3, 1 மைக்ரான் ஃபிலிம், கடைசியில் வெறும் தோல் வார். முதல் மழிப்பைக் கன்னத்தில், முடி வளரும் திசையிலேயே, தோலோடு 30 பாகை அளவில் சாய்த்துத் தொடங்குங்கள். பிறகு ஒருநாள் கத்தி முடியைப் பற்றி இழுத்தால் 1 மைக்ரான் ஃபிலிமில் சில இழுப்புகள் போதும். இரண்டு சுற்று டேப்புக்குப் பிறகும் ஒரே மழிப்பில் வாய் உதிர்கிறது என்றால் அந்த உருக்குக்குப் பதமே ஏறவில்லை. அதை வைத்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள், முகத்துக்கு ஜெர்மனியின் ஜோலிங்கனிலோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ செய்த பழைய கத்தி ஒன்றைத் தேடி வாங்குங்கள். கல்லும் ஃபிலிமும் வாரும் அதற்கும் அப்படியே உதவும்.