துப்பாக்கியை உருவுவது எப்போது குற்றமாகாது? டாலஸ் புறநகரில் ஓர் உரிம வகுப்பு பற்றிய மதிப்பீடு

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்தவரும் சட்டத்தால் தடை செய்யப்படாதவருமான எவரும் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியுடன் பொது இடங்களில் நடமாடலாம். அதற்குப் பிறகும் உரிம வகுப்புக்குப் பணம் கட்டி ஒரு சனிக்கிழமையைச் செலவிடுவது வீண் என்று பலர் கருதுகிறார்கள். என் கருத்து நேர்மாறானது. உரிமம் கட்டாயமாக இருந்த காலத்தில், கைத்துப்பாக்கியுடன் பொது இடங்களில் நடமாட விரும்பிய ஒவ்வொருவரும் தற்காப்புச் சட்டத்தை ஒரு முறையாவது உட்கார்ந்து கேட்டாக வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம்தான் போயிருக்கிறதே தவிர, தவறான நேரத்தில் துப்பாக்கியை எடுத்தவருக்குரிய தண்டனைகள் போகவில்லை. டாலஸுக்கு வடக்கேயுள்ள ஒரு புறநகரில், துப்பாக்கிக் கடையும் சுடுதளமும் இணைந்த ஒரு நிறுவனம் நடத்தும் வகுப்புக்குச் சென்று வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். பாடத்தின் பகுதிகளை மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையே வகுத்திருப்பதால், வேறு இடத்தில் சேர நினைப்பவர்களுக்கும் இந்த மதிப்பீடு பயன்படும்.

பயிற்சியாளர் பல ஆண்டுகள் காவல்துறையில் பணியாற்றியவர். சட்டப் பிரிவுகளைத் திரையில் காட்டி வாசித்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சூழ்நிலையைச் சொல்லி, "இந்த நொடியில் நீங்கள் என்ன செய்யலாம்?" என்று வகுப்பைக் கேட்டார். வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் உங்களைக் கெட்ட வார்த்தைகளால் திட்டுகிறார், உங்கள் மனைவியையும் இழிவாகப் பேசுகிறார், ஆனால் கையை ஓங்கவில்லை என்றால், துப்பாக்கியின் பக்கம் கை போகலாமா? போகக் கூடாது என்பதே விடை. வாய்ச்சொல் மட்டுமே காரணமாக எந்தப் பலப்பிரயோகமும் நியாயமாகாது என்று டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 9.31ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அதே மனிதர் திட்டிக்கொண்டே கையில் இரும்புக் கம்பியுடன் உங்களை நோக்கி நடந்து வரத் தொடங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. இப்படி ஒரே சண்டையை அடுத்தடுத்த கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் சட்டம் நம் பக்கம் வருகிறது என்று காட்டிய விதத்துக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் வகுப்பின் மையக் கேள்வியிலேயே ஒரு குறை இருந்தது. "சுடத் தயாராக இல்லையென்றால் துப்பாக்கியை எடுக்காதீர்கள்" என்ற வாசகத்தைப் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். பாதுகாப்பு அறிவுரையாக அது நல்லது. கோபத்தில் கை நீளாமல் தடுக்கும். சட்டத்தின் நிலை என்று எடுத்துக்கொண்டால் அது முழுமையானதன்று. டெக்சாஸ் சட்டம் பலப்பிரயோகத்தை இரண்டு படிகளாகப் பிரிக்கிறது. ஒருவர் நம்மீது சட்டவிரோதமாகப் பலத்தைப் பயன்படுத்துகிறார் அல்லது பயன்படுத்த முயல்கிறார், அதைத் தடுக்க உடனடியாகப் பலம் தேவை என்று நியாயமாக நம்பினால், தேவையான அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்பது 9.31. உயிரைப் பறிக்கக்கூடிய பலத்துக்கு 9.32ஆம் பிரிவு அதைவிடக் கடுமையான நிபந்தனை விதிக்கிறது: எதிரி நம்மீது அத்தகைய பலத்தைப் பயன்படுத்த முனைந்திருக்கிறார், அல்லது கொலை, வழிப்பறி, பாலியல் வன்கொடுமை, கொடிய ஆட்கடத்தல் போன்ற குற்றம் நிகழும் தறுவாயில் இருக்கிறது, அதைத் தடுக்க அந்தப் பலம் உடனடியாகத் தேவை என்று நியாயமாக நம்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே வருவது 9.04. தேவைப்பட்டால் உயிர் பறிக்கும் பலத்தைப் பயன்படுத்துவேன் என்ற அச்சத்தை எதிரிக்கு ஏற்படுத்துவது மட்டுமே நோக்கமாக இருக்கும்வரை, ஆயுதத்தை எடுத்துக் காட்டுவது உயிர் பறிக்கும் பலப்பிரயோகமாகக் கருதப்படாது என்று அது சொல்கிறது. அதாவது, எதிரியை எச்சரிப்பதற்காக மட்டும் துப்பாக்கியை எடுப்பதற்கு 9.31 என்ற முதற்படி போதும், சுடுவதற்குத்தான் 9.32 வேண்டும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2017இல் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கே அதற்குச் சான்று. ஃபோர்ட் வொர்த் நகரில், தம்மையும் தம் தோழியையும் சிலர் அச்சுறுத்தியதால் துப்பாக்கியை எடுத்துக் காட்டி விலகிப் போகச் சொன்னதாகக் கூறியவருக்கு, கொடிய ஆயுதத்தால் தாக்கிய குற்றத்தில் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. தற்காப்பு வாதத்தைக் கருத்தில் கொள்ளுமாறு ஜூரிக்கு அறிவுறுத்த விசாரணை நீதிமன்றம் மறுத்தது தவறு என்றும், 9.04இன்படி அவர் நோக்கம் அச்சுறுத்தி நிறுத்துவதோடு முடிந்ததா என்பதை ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும் என்றும் மேல்முறையீட்டில் தீர்மானமாயிற்று. இப்படி ஒரு தீர்ப்பு இருக்கும்போது, 9.04ஐ ஒரே ஒரு திரைப்பக்கத்தில் வகுப்பு கடந்து போனது எனக்கு வருத்தம் தந்தது. எடுத்தால் சுட்டே ஆக வேண்டும் என்று மனத்தில் பதிந்துவிட்ட ஒருவர், துப்பாக்கியைக் கண்டதும் எதிரி பின்வாங்கிய பிறகும் விசையை அழுத்திவிடக் கூடும். அந்த நொடியில் அவருடைய நியாயம் முழுவதும் கைநழுவிப் போகும். ஓர் உயிரும் போயிருக்கும். அரிசோனா மாநிலம் தற்காப்புக்காகத் துப்பாக்கியைக் காட்டுவதற்கென்றே தனிப் பிரிவு வைத்து, சட்டைக்குள் இருக்கும் துப்பாக்கியின் மீது கை வைப்பதையும், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று வாயால் சொல்வதையும்கூட அதில் சேர்த்திருக்கிறது. டெக்சாஸில் அவ்வளவு விரிவு இல்லாததால், பயிற்சியாளர்கள் இங்கே இன்னும் கூடுதல் நேரம் நிற்க வேண்டும்.

மறுபக்கத்தை, அதாவது நியாயம் இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதை, வகுப்பு மிக நன்றாகவே எடுத்துரைத்தது. பிறர் அஞ்சும்படி பொது இடத்தில் வேண்டுமென்றே துப்பாக்கியைக் காட்டினால் 180 நாள்வரை சிறை. தெரிந்தே ஒருவரை நோக்கிக் குறி வைத்தால், அதில் குண்டு இல்லை என்று நினைத்திருந்தாலும்கூட, அபாயகரமான பொறுப்பின்மை என்று சட்டம் முன்கூட்டியே அனுமானித்துக்கொள்ளும். அதற்கு ஓராண்டுவரை சிறை. கொடிய ஆயுதத்தைக் காட்டி மிரட்டியதாக வழக்குப் பதிவானால் 2 முதல் 20 ஆண்டுகள் சிறையும் 10,000 டாலர்வரை அபராதமும் விதிக்கப்படலாம். நெடுஞ்சாலையில் குறுக்கே வண்டியை ஓட்டியவனுக்குத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டிய சாதாரணக் குடும்பஸ்தர்கள் இந்தக் கடைசிப் பிரிவில் சிக்குவதைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததாகப் பயிற்சியாளர் சொன்னபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. தற்காப்புச் சூழ்நிலையில் குறி தவறி, சம்பந்தமில்லாத ஒருவரைப் பொறுப்பின்றிக் காயப்படுத்தினால், அந்த மூன்றாம் நபர் விஷயத்தில் தற்காப்பு வாதம் எடுபடாது என்ற 9.05ஆம் பிரிவையும் அவர் விட்டுவிடவில்லை.

வீடு, வாகனம், பணியிடம் ஆகியவற்றுக்குள் ஒருவர் பலவந்தமாக நுழையும்போது நம் நம்பிக்கை நியாயமானது என்று சட்டம் அனுமானிக்கும் என்பதும், இருக்க உரிமையுள்ள இடத்தில், நாம் சண்டையைத் தூண்டாமலும் வேறு குற்றத்தில் ஈடுபடாமலும் இருந்தால், பின்வாங்க வேண்டிய கடமை இல்லை என்பதும் தெளிவாக விளக்கப்பட்டன. சொத்தைக் காப்பதற்குச் சில நிபந்தனைகளின் கீழ் உயிர் பறிக்கும் பலத்தையும் அனுமதிக்கும் 9.42ஆம் பிரிவுக்குத்தான் தேவைக்கு மேல் நேரம் போயிற்று. இரவில் திருடுபவனைப் பற்றிய அந்தப் பிரிவு டெக்சாஸுக்கே உரியது என்பதால் மாணவர்கள் ஆர்வத்துடன் கேள்விகளை அடுக்கினார்கள். காரின் பின்கண்ணாடியை உடைத்துப் பை எடுத்துப் போகிறவனுக்காக மனித உயிர் ஒன்றைப் பறிக்கும் எண்ணத்துக்கு ஒரு வகுப்பறையில் இத்தனை இடம் கிடைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய இடைவெளி ஒன்று உண்டு. குடியுரிமை நிலை பற்றி வகுப்பில் யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகளே உள்ளன. கிரீன் கார்டு உள்ளவர்கள் வைத்திருக்கலாம் என்றாலும், துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தலுக்கு ஆளாக நேரும். ஆகவே நியாயம் இல்லாமல் ஒருமுறை துப்பாக்கியைக் காட்டியதற்காக அடுத்த வீட்டுக்காரர் செலுத்தும் விலையும், கிரீன் கார்டுடன் இருக்கும் நாம் செலுத்தும் விலையும் ஒன்றல்ல. டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிகளில் இத்தனை ஆயிரம் இந்தியக் குடும்பங்கள் வாழும்போது, இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது அந்த நிறுவனத்துக்குக் கடினமாக இருக்காது.

சுடுதளத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 3, 7, 15 கெஜத் தூரங்களிலிருந்து 50 குண்டுகள் சுட வேண்டும். 250 மதிப்பெண்ணில் 175 எடுத்தால் தேர்ச்சி. முன்பே பயிற்சி செய்தவர்களுக்கு எளிது. முதல்முறை துப்பாக்கி பிடிப்பவர்களை உதவியாளர்கள் பொறுமையுடன் பார்த்துக்கொண்டார்கள்.

சட்டப் பாடத்தை இணையத்திலேயே முடித்துக்கொண்டு, சுடும் தேர்வுக்கு மட்டும் நேரில் வரும் வசதியும் உண்டு, விலையும் குறைவு. எனினும் நேரடி வகுப்பையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன், ஏனெனில் வாகன நிறுத்துமிடச் சூழ்நிலையைப் பற்றி வகுப்பில் எழுந்த வாக்குவாதம் எந்தக் காணொளியிலும் கிடைக்காது. மாநில அரசுக்குச் செலுத்த வேண்டிய 40 டாலர் உரிமக் கட்டணம் தனி. உரிமம் கையில் இருந்தால், பள்ளிகளிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் விலக்குக் கிடைக்கும். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் பெற்றோருக்கு இது ஒன்றே போதிய காரணம். பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, 9.04ஆம் பிரிவை எவ்வளவு நேரம் நடத்துவீர்கள், வழக்கறிஞர் எவரேனும் வகுப்புக்கு வருவாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். அந்த இரண்டுக்கும் நல்ல பதில் சொல்லும் நிறுவனம் அருகில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.